ஓடும் டேட்டாபேஸை மாற்றுதல்: கோலாங்-மைக்ரேட் லைப்ரரியும் மைக்ரேஷன் ஒழுங்கும்

மைக்ரேஷன் எதற்கு

மென்பொருள் வளரும்போது அதன் டேட்டாபேஸும் கூடவே வளர்ந்தாக வேண்டும். கடைகளுக்கான பில்லிங் மென்பொருள் ஒன்றில் வாடிக்கையாளரின் ஜிஎஸ்டி எண்ணைச் சேர்க்க வேண்டுமென்றால் திரையில் ஒரு கட்டம் வைத்தால் மட்டும் போதாது. வாடிக்கையாளர் அட்டவணையில் அந்த 15 எழுத்து எண்ணுக்கு ஒரு நெடுவரிசையும் வேண்டும். நிரலைப் பொறுத்தவரை பழைய கோப்பை எடுத்துவிட்டுப் புதியதை வைத்தால் வேலை முடிந்தது. டேட்டாபேஸில் அது நடக்காது. உள்ளே இருக்கும் லட்சக்கணக்கான பதிவுகள் அப்படியே இருக்க, அவற்றைத் தாங்கும் அமைப்பு மட்டும் மாற வேண்டும். ஸ்கீமா எனப்படும் அந்த அமைப்பை ஒரு நிலையிலிருந்து அடுத்த நிலைக்குக் கொண்டுபோகும் சிறு படியே மைக்ரேஷன்.

டேட்டாபேஸ் ஒன்றே ஒன்று என்றால் கட்டளையைக் கையாலேயே அடித்துவிடலாம். ஆனால் டெவலப்பர் ஒவ்வொருவரின் கணினியிலும் ஒன்று, சோதனை சர்வரில் ஒன்று, ப்ரொடக்‌ஷனில் ஒன்று என்று பல நகல்கள் இருக்கும். எந்த நகலில் எந்த மாற்றம் ஓடியது, எது பாக்கி என்பதை நினைவில் வைத்துச் சமாளிக்க முடியாது. இந்தக் கேள்விக்கு எப்போதும் சரியான பதில் இருக்கும்படி பார்த்துக்கொள்வதுதான் மைக்ரேஷன் லைப்ரரியின் வேலை. வரிசையையும் கணக்கையும் அது காக்கும். எழுதப்பட்ட மாற்றம் பாதுகாப்பானதா என்று அது பார்க்காது. அந்தப் பொறுப்பு கோப்பை எழுதுபவருடையது.

எந்த லைப்ரரி

டேட்டாபேஸ் வடிவமைப்பைச் சிறு சிறு படிகளாக வளர்க்கலாம் என்ற கருத்தை மார்ட்டின் ஃபவுலரும் பிரமோத் சதலாகேவும் 2003-இல் ஒரு கட்டுரையில் விரிவாக எழுதினார்கள். 2005-இல் ரூபி ஆன் ரெயில்ஸ் மைக்ரேஷனைத் தன் அன்றாடப் பகுதியாக்கியது. ஜாவா உலகில் லிக்விபேஸ் 2006-இலும் ஃப்ளைவே 2010-இலும் வந்தன. பைத்தானின் ஜாங்கோ 2014-இல் வெளியான 1.7 பதிப்பிலிருந்து இதை உள்ளேயே வைத்திருக்கிறது. ரெயில்ஸ், ஜாங்கோ போன்ற பெரிய ஃபிரேம்வொர்க்கில் வேலை செய்பவர் அதில் இருப்பதையே பயன்படுத்துவது நல்லது. ஃபிரேம்வொர்க் இல்லாமல் எழுதப்படும் நிரலுக்குத் தனியாக ஒரு சிறிய லைப்ரரி போதும்.

இந்த அத்தியாயத்தில் எடுத்துக்கொள்ளப்படுவது கோ மொழியில் எழுதப்பட்ட கோலாங்-மைக்ரேட். கோ நிரலுக்குள் லைப்ரரியாக இணைத்தும் ஓட்டலாம், தனிக் கட்டளையாகவும் ஓட்டலாம். பைத்தானிலோ பிஎச்பியிலோ எழுதப்பட்ட மென்பொருளுக்கும் இரண்டாவது வழி பொருந்தும். மாற்றங்கள் சாதாரண எஸ்க்யூஎல் கோப்புகளாகவே எழுதப்படுகின்றன, தனி மொழி எதையும் கற்க வேண்டியதில்லை. கோப்பில் இருப்பதை லைப்ரரி திருத்தாது, ஊகிக்காது. சந்தேகம் வந்தால் நின்றுவிடும்.

கோப்பின் பெயர்

ஒவ்வொரு மாற்றத்துக்கும் இரண்டு கோப்புகள். முன்னே கொண்டுபோவது ‘அப்’ கோப்பு, அதைத் திருப்பி எடுப்பது ‘டவுன்’ கோப்பு. பெயரில் நான்கு பகுதிகள் உண்டு: முதலில் பதிப்பு எண், ஓர் அடிக்கோட்டுக்குப் பின் மாற்றத்தைச் சொல்லும் சிறு பெயர், பிறகு அப் அல்லது டவுன், கடைசியில் எஸ்க்யூஎல் என்ற நீட்டிப்பு. ஜிஎஸ்டி எண்ணைச் சேர்க்கும் ஏழாவது மாற்றத்தின் எண் 000007 என்று இருக்கும்.

கோப்புகளைக் கையால் உருவாக்காமல் மைக்ரேட்டின் ‘கிரியேட்’ கட்டளையைக் கொண்டு உருவாக்கினால் எண் தவறாது. அந்தக் கட்டளை இரண்டு வகையாக எண் கொடுக்கும். எதுவும் சொல்லாவிட்டால் அந்த நொடியின் ஆண்டு, மாதம், நாள், மணி, நிமிடம், விநாடி சேர்ந்த 14 இலக்க நேர முத்திரை. ‘சீக்’ என்ற விருப்பத்தைச் சேர்த்தால் 000001, 000002 என்று ஆறு இலக்கத் தொடர் எண். இந்த லைப்ரரிக்கு எது ஏற்றது என்பதற்கான காரணம் பல பேர் சேர்ந்து வேலை செய்வது பற்றிய பகுதியில் வருகிறது.

ஒரு கோப்பில் ஒரு மாற்றம் என்பதே நல்ல வழக்கம். நெடுவரிசை சேர்ப்பது, இண்டெக்ஸ் போடுவது, பழைய பதிவுகளைத் திருத்துவது ஆகிய மூன்றும் மூன்று கோப்புகளாக இருக்கட்டும். எங்கே நின்றது என்பது அப்போது எண்ணைப் பார்த்தாலே தெரியும்.

பதிவேடு

முதல்முறை ஓடும்போது மைக்ரேட், டேட்டாபேஸுக்குள் ‘ஸ்கீமா_மைக்ரேஷன்ஸ்’ என்ற சிறிய அட்டவணையை உருவாக்குகிறது. அதில் இரண்டே நெடுவரிசைகள்: பதிப்பு எண்ணும், ‘டர்ட்டி’ என்ற ஆம்–இல்லை குறியும். பதிவும் ஒன்றே ஒன்றுதான். இந்த டேட்டாபேஸ் இப்போது எந்த எண்ணில் நிற்கிறது என்பதை மட்டும் அது சொல்லும். ஓடிய மைக்ரேஷன் ஒவ்வொன்றையும் தனிப் பதிவாகக் குறித்துவைக்கும் ஃப்ளைவே போன்றவற்றிலிருந்து இது மாறுபடுகிறது.

ஏழாம் கோப்பை ஓட்டும் முன் லைப்ரரி பதிவேட்டில் எண்ணை 7 என்றும் டர்ட்டியை ‘ஆம்’ என்றும் எழுதும். பிறகு கோப்பை ஓட்டும். வெற்றி என்றால் டர்ட்டியை ‘இல்லை’ என்று மாற்றும். நடுவில் பிழை வந்தாலோ மின்சாரம் போனாலோ ‘ஆம்’ அப்படியே நின்றுவிடும். அடுத்த முறை ஓட்டும்போது அதைப் பார்த்ததும் லைப்ரரி எதையும் தொடாமல் மறுத்துவிடும். ஒரு மனிதர் வந்து நிலைமையைப் பார்க்க வேண்டும் என்பதே அந்தக் குறியின் பொருள்.

ஓடிய கோப்பின் உள்ளடக்கத்தை மைக்ரேட் நினைவில் வைப்பதில்லை. ஃப்ளைவே ஒவ்வொரு கோப்புக்கும் ஒரு சரிபார்ப்பு எண் வைத்து, பின்னால் யாராவது கோப்பைத் திருத்தினால் கண்டுபிடித்துவிடும். இங்கே அந்தக் காவல் இல்லாததால் ஒழுங்கை மனிதர்தான் காக்க வேண்டும். பேரேட்டில் தவறாக ஏறிய வரவைக் கணக்கர் அழிப்பதில்லை. நேர் எதிரான இன்னொரு பதிவைப் போட்டுச் சரிசெய்கிறார். மைக்ரேஷனிலும் அதே வழிதான். ப்ரொடக்‌ஷனில் ஓடிவிட்ட ஏழாம் கோப்பில் பிழை இருந்தால் ஏழைத் தொடக்கூடாது, எட்டை எழுத வேண்டும். ஏழைத் திருத்தினால் புதிதாக அமைக்கப்படும் டேட்டாபேஸ் ஒரு மாதிரியும் பழையது வேறு மாதிரியும் ஆகிவிடும். பிழைச் செய்தி எதுவும் வராது.

ஏற்கெனவே ஓடும் டேட்டாபேஸில் தொடங்குதல்

பெரும்பாலும் மைக்ரேஷன் லைப்ரரி வரும்போது டேட்டாபேஸுக்குச் சில வயது ஆகியிருக்கும். அப்போது இருக்கும் அமைப்பையே முதல் மைக்ரேஷனாக்க வேண்டும். போஸ்ட்கிரெஸில் ‘பிஜி_டம்ப்’ கருவியைப் பதிவுகள் இல்லாமல் ஸ்கீமாவை மட்டும் எடுக்கும்படி ஓட்டி, வரும் எஸ்க்யூஎல்லை 000001 அப் கோப்பாக வைக்கலாம். புதிய கணினியில் காலி டேட்டாபேஸில் இது எல்லா அட்டவணைகளையும் உருவாக்கிக் கொடுக்கும்.

ப்ரொடக்‌ஷனில் அந்த அட்டவணைகள் ஏற்கெனவே இருப்பதால் முதல் கோப்பை அங்கே ஓட்டினால் பிழைதான் வரும். அதற்கு ‘ஃபோர்ஸ்’ கட்டளை இருக்கிறது. ‘ஃபோர்ஸ் 1’ என்றால் எந்தக் கோப்பையும் ஓட்டாமல் பதிவேட்டில் மட்டும் 1 என்று எழுதும். அதன்பின் இரண்டாம் கோப்பிலிருந்து எல்லா இடங்களும் ஒரே வழியில் நடக்கும். இதைச் செய்யும் முன் சோதனை சர்வரின் ஸ்கீமாவையும் ப்ரொடக்‌ஷன் ஸ்கீமாவையும் எடுத்து ஒப்பிட்டுப் பார்ப்பது அவசியம். அவசரத்துக்கு யாரோ ப்ரொடக்‌ஷனில் நேராகப் போட்ட இண்டெக்ஸ் ஒன்று பெரும்பாலும் அப்போதுதான் கண்ணில் படும்.

நிரலுக்குள் இணைத்தல்

கோ 1.16 பதிப்பில் (2021) வந்த எம்பெட் வசதியால் எஸ்க்யூஎல் கோப்புகளை நிரலின் இயங்கு கோப்புக்குள்ளேயே பொதிந்துவிடலாம். சர்வருக்கு ஒரே கோப்பை அனுப்பினால் போதும், மைக்ரேஷன் அடைவை விட்டுவிட்டு வந்த கதை நேராது. நிரல் தொடங்கும்போது லைப்ரரியின் ‘அப்’ செயற்கூறை அழைத்தால் பாக்கி இருக்கும் கோப்புகள் எல்லாம் வரிசையாக ஓடும்.

இங்கே புதியவர்கள் தடுக்கி விழும் ஓர் இடம் உண்டு. பாக்கி எதுவும் இல்லாதபோது ‘அப்’ சும்மா திரும்பாது; ‘மாற்றம் இல்லை’ என்று பொருள்படும் ‘எர்ர்நோசேஞ்ச்’ என்ற பிழை மதிப்பைத் திருப்பித் தரும். எந்தப் பிழை வந்தாலும் நிரலை நிறுத்து என்று எழுதியிருந்தால், முதல் நாள் நன்றாக ஓடிய சர்வர் அடுத்த நாள் ரீஸ்டார்ட் செய்தவுடன் எழாது. அந்த ஒரு மதிப்பை மட்டும் பிரித்துப் பார்த்து வெற்றியாகக் கொள்ள வேண்டும்.

ஒரே நிரல் மூன்று சர்வர்களில் ஓடுகிறது என்றால் மூன்றும் ஒரே நேரத்தில் மைக்ரேஷனைத் தொடங்கக் கூடும். இதைத் தடுக்க லைப்ரரி டேட்டாபேஸிடமே ஒரு பூட்டுக் கேட்கிறது. போஸ்ட்கிரெஸில் அது ‘அட்வைசரி லாக்’, மைஎஸ்க்யூஎல்லில் ‘கெட்_லாக்’. முதலில் பூட்டைப் பெற்றது ஓட்டும், மற்றவை காத்திருக்கும். காத்திருப்பின் எல்லை இயல்பாக 15 விநாடி. மைக்ரேஷன் அதைவிட நீண்டால் காத்திருக்கும் சர்வர்கள் பிழையோடு நின்றுவிடும். ‘பிஜிபவுன்சர்’ போன்ற இணைப்புத் தொகுப்பானை டிரான்சாக்‌ஷன் முறையில் வைத்திருந்தால் இந்தப் பூட்டை நம்ப முடியாது. மைக்ரேஷன் அதைத் தாண்டி நேராக டேட்டாபேஸோடு பேச வேண்டும்.

இந்தச் சிக்கல்களால், சிறிய மென்பொருள் தவிர மற்றவற்றில் மைக்ரேஷனைத் தனிப் படியாக, டெப்ளாய்மெண்ட்டுக்குச் சற்று முன் ஓரிடத்திலிருந்து மட்டும் ஓட்டுவதே நல்லது. அதில் இன்னொரு நன்மையும் உண்டு. அட்டவணையை மாற்றும் உரிமையுள்ள டேட்டாபேஸ் பயனரை மைக்ரேஷனுக்கு மட்டும் கொடுத்துவிட்டு, அன்றாட நிரலுக்குப் பதிவுகளைப் படிக்கவும் எழுதவும் மட்டும் உரிமையுள்ள வேறு பயனரைக் கொடுக்கலாம்.

பாதியில் நின்றால்

டர்ட்டி குறி விழுந்த டேட்டாபேஸை மீட்கும் வழி, எந்த டேட்டாபேஸ் என்பதைப் பொறுத்தது.

போஸ்ட்கிரெஸில் அட்டவணையை உருவாக்குவது, மாற்றுவது போன்ற கட்டளைகளும் டிரான்சாக்‌ஷனுக்குள் அடங்கும். மைக்ரேட் ஒரு கோப்பு முழுவதையும் ஒரே விண்ணப்பமாக அனுப்புவதால் போஸ்ட்கிரெஸ் அதைத் தானாகவே ஒரு டிரான்சாக்‌ஷனாகக் கொள்கிறது. மூன்றாவது கட்டளை தோற்றால் முதல் இரண்டும் சேர்ந்து ரத்தாகிவிடும். டர்ட்டி குறி மட்டும் முன்பே தனியாக எழுதப்பட்டதால் நிற்கும். ஏழாம் கோப்பு தோற்றிருந்தால் பிழையைத் திருத்தி, ‘ஃபோர்ஸ் 6’ கொடுத்து, மீண்டும் ‘அப்’ ஓட்டலாம். எங்கும் வெற்றிகரமாக ஓடியிராத கோப்பு என்பதால் அதைத் திருத்துவதில் தவறில்லை.

மைஎஸ்க்யூஎல்லில் கதை வேறு. ‘ஆல்ட்டர் டேபிள்’ போன்ற ஒவ்வொரு கட்டளையும் தானே கமிட் ஆகிவிடும். மூன்றில் இரண்டாவது தோற்றால் முதலாவது நிலைத்துவிட்டது என்று பொருள். அதைக் கையால் திருப்பிய பிறகுதான் ‘ஃபோர்ஸ் 6’ கொடுக்க வேண்டும்; இல்லாவிட்டால் மறுமுறை ஓட்டும்போது ‘நெடுவரிசை ஏற்கெனவே இருக்கிறது’ என்ற பிழை வரும். எனவே மைஎஸ்க்யூஎல்லில் ஒரு கோப்பில் ஒரே கட்டளை என்பதை விதியாகவே கொள்ளலாம். ஒன்றுக்கு மேல் வைத்தே ஆக வேண்டுமென்றால் இணைப்பு முகவரியில் ‘மல்ட்டிஸ்டேட்மெண்ட்ஸ்’ விருப்பத்தை ‘ட்ரூ’ என்று வைக்காமல் கோப்பு ஓடாது.

எஸ்க்யூலைட்டிலும் இக்கட்டளைகள் டிரான்சாக்‌ஷனுக்குள் அடங்கும். ஆனால் அதன் ‘ஆல்ட்டர் டேபிள்’ குறைவாகவே செய்யும். நெடுவரிசையின் பெயரை மாற்றுவது 3.25 பதிப்பிலும் (2018), நெடுவரிசையை நீக்குவது 3.35 பதிப்பிலும் (2021) தான் வந்தன. நெடுவரிசையின் வகையை மாற்ற இன்றும் புதிய அட்டவணை உருவாக்கி, பதிவுகளை நகலெடுத்து, பழையதை நீக்கி, பெயர் மாற்றும் சுற்று வழிதான்.

பூட்டும் காத்திருப்பும்

டெவலப்பரின் கணினியில் கண்ணிமைக்கும் நேரத்தில் முடியும் மைக்ரேஷன் ப்ரொடக்‌ஷனில் கடையையே நிறுத்திவிடலாம். காரணம் பெரும்பாலும் பூட்டு.

போஸ்ட்கிரெஸில் ‘ஆல்ட்டர் டேபிள்’ பெரும்பாலான வடிவங்களில் அட்டவணையை முழுமையாகப் பூட்டும். அப்போது யாரும் அதைப் படிக்கக்கூட முடியாது. நெடுவரிசை சேர்ப்பது மிகச் சிறிய வேலைதான். ஆனால் மாத விற்பனை அறிக்கைக்காக ஒரு வினவல் அந்த அட்டவணையைப் பத்து நிமிடமாகப் படித்துக்கொண்டிருந்தால் மைக்ரேஷன் அதற்குப் பின்னால் நிற்கும். அதற்குப் பிறகு வரும் ஒவ்வொரு பில்லும் மைக்ரேஷனுக்குப் பின்னால் வரிசை கட்டும். அறிக்கை முடியும்வரை கவுண்ட்டரில் ஒரு பில்லும் போகாது. இதற்கு மருந்து எளிது: கோப்பின் முதல் வரியில் ‘லாக்_டைம்அவுட்’ மதிப்பை 3 விநாடி என்று வைத்துவிட வேண்டும். அதற்குள் பூட்டுக் கிடைக்காவிட்டால் மைக்ரேஷன்தான் தோற்கும், கடை ஓடும். ஃபோர்ஸ் கொடுத்துவிட்டு, கூட்டம் குறைந்த நேரத்தில் மறுபடி ஓட்டலாம்.

இயல்பு மதிப்போடு நெடுவரிசை சேர்ப்பது ஒருகாலத்தில் அட்டவணை முழுவதையும் திருப்பி எழுதும் பெரிய வேலையாக இருந்தது. போஸ்ட்கிரெஸ் 11 (2018) முதல், மதிப்பு மாறிலியாக இருந்தால் அந்தத் திருப்பி எழுதல் இல்லை.

இண்டெக்ஸ் போடும்போது சாதாரண ‘கிரியேட் இண்டெக்ஸ்’ அட்டவணையில் எழுதுவதைத் தடுக்கும். ‘கன்கரண்ட்லி’ என்ற சொல்லைச் சேர்த்தால் தடுக்காது, நேரம்தான் கூடும். ஆனால் இந்த வடிவம் டிரான்சாக்‌ஷனுக்குள் ஓடாது. கோப்பில் வேறு எந்தக் கட்டளையும் இல்லாமல் அது தனியாக இருந்தால்தான் மைக்ரேட் வழியாக ஓடும். நடுவில் தோற்றால் செல்லாத இண்டெக்ஸ் ஒன்று அரைகுறையாகக் கிடக்கும், மறுபடி ஓட்டும் முன் அதை நீக்க வேண்டும். இவ்வகை இண்டெக்ஸ், முன்பே தொடங்கிய மற்ற டிரான்சாக்‌ஷன்கள் முடியக் காத்திருக்கும். அட்வைசரி பூட்டுக்காக இன்னொரு சர்வர் அதே நேரத்தில் காத்திருந்தால் ஒன்றையொன்று எதிர்பார்த்து இரண்டும் முடங்கலாம். ஓரிடத்திலிருந்து மட்டும் ஓட்ட வேண்டும் என்பதற்கு இதுவும் காரணம்.

பெரிய அட்டவணையில் ஒரு நெடுவரிசையை ‘நாட் நல்’ ஆக்குவதென்றால் நேராகச் செய்தால் பூட்டோடு முழு அட்டவணையும் சோதிக்கப்படும். அதற்குப் பதில் முதலில் ‘நாட் வாலிட்’ என்ற அடையோடு ஒரு ‘செக்’ நிபந்தனை சேர்க்க வேண்டும். இனி வரும் பதிவுகளை மட்டும் அது சோதிக்கும். அடுத்த கோப்பில் அந்த நிபந்தனையை ‘வாலிடேட்’ செய்ய வேண்டும். அப்போது கடை தொடர்ந்து ஓடும். மூன்றாவதில் ‘நாட் நல்’ வைக்கலாம். போஸ்ட்கிரெஸ் 12 முதல், செல்லுபடியான நிபந்தனை இருப்பதைக் கண்டு அது மறுபடி அட்டவணையைப் படிக்காது.

நெடுவரிசையின் நீளம்

தமிழ்ப் பெயர்களைச் சேமிக்கும் டேட்டாபேஸில் விரைவிலேயே தேவைப்படும் மைக்ரேஷன் இது. ‘வார்கேர்’ நெடுவரிசையின் நீளம் யூனிகோடு குறிகளால் கணக்கிடப்படுகிறது. உயிர்மெய்யின் துணைக்குறியும் புள்ளியும் தனித்தனிக் குறிகள். ‘முத்துக்குமாரசாமி’ என்பது கண்ணுக்கு 9 எழுத்து, டேட்டாபேஸுக்கு 17. ஆங்கிலப் பெயர்களை மனதில் வைத்து 20 அல்லது 30 என்று வைத்த நெடுவரிசை, தமிழில் தந்தை பெயரோடு சேர்த்து எழுதும்போது நிறைந்துவிடும்.

போஸ்ட்கிரெஸில் நீளத்தைக் கூட்டுவது பதிவுகளைத் தொடாத சிறு வேலை. மைஎஸ்க்யூஎல்லில் ஓர் எல்லைக்கோடு உண்டு. நெடுவரிசையின் உச்ச நீளம் 255 பைட்டுக்குள் இருந்தால் நீளத்தைக் குறிக்க ஒரு பைட், அதற்கு மேல் இரண்டு. அந்தக் கோட்டைத் தாண்டினால் முழு அட்டவணையும் நகலெடுக்கப்படும். ‘யூடிஎஃப்8எம்பி4’ குறிமுறையில் ஒரு குறிக்கு 4 பைட் என்று கணக்கு. எனவே 63 வரை ஒரு பக்கம், 64 முதல் மறுபக்கம். 50-லிருந்து 100 ஆக்குவது பெரிய அட்டவணையில் இரவில் செய்ய வேண்டிய வேலை. 100-லிருந்து 200 ஆக்குவதற்கு அந்தத் தயக்கம் வேண்டாம்.

விரித்து, நகர்த்தி, சுருக்குதல்

புதிய நிரலும் புதிய ஸ்கீமாவும் ஒரே நொடியில் மாறுவதில்லை. டெப்ளாய்மெண்ட் நடக்கும் சில நிமிடங்களில் பழைய நிரலும் புதிய நிரலும் ஒரே டேட்டாபேஸைப் பயன்படுத்தும். ஆகவே ஒவ்வொரு மைக்ரேஷனும் அப்போது ஓடிக்கொண்டிருக்கும் பழைய நிரலை உடைக்காததாக இருக்க வேண்டும். நெடுவரிசையின் பெயரை மாற்றுவது, நீக்குவது ஆகியவை உடைக்கும். அவற்றைப் பல படிகளாகப் பிரிக்க வேண்டும்.

வாடிக்கையாளர் அட்டவணையில் முதற்பெயர், குடும்பப்பெயர் என்ற இரண்டு நெடுவரிசைகள் இருப்பதாகக் கொள்வோம். தலைப்பெழுத்து முறையில் பெயர் எழுதும் தமிழ்நாட்டு வாடிக்கையாளருக்கு இந்தப் பிரிவு பொருந்தாது. ஒரே ‘முழுப்பெயர்’ நெடுவரிசைக்கு மாற வேண்டும். படிகள் இவை:

1. முழுப்பெயர் என்ற நெடுவரிசையைக் காலியாக இருக்க அனுமதித்துச் சேர்க்கும் மைக்ரேஷன். பழைய நிரல் இதைக் கவனிக்கவே கவனிக்காது.

2. பழைய இரண்டிலும் புதியதிலும் சேர்த்து எழுதும் நிரல். படிப்பது இன்னும் பழையதிலிருந்துதான்.

3. பழைய பதிவுகளில் முழுப்பெயரை நிரப்புதல். ஒரே ‘அப்டேட்’ கட்டளையில் எல்லாவற்றையும் மாற்றினால் அத்தனை பதிவுகளும் முடியும்வரை பூட்டப்பட்டிருக்கும். அடையாள எண் வரிசையில் சில ஆயிரம் பதிவுகளாக, ஒவ்வொன்றும் தனி டிரான்சாக்‌ஷனாக நகர்த்த வேண்டும். இதற்கு மைக்ரேஷன் கோப்பைவிடத் தனிச் சிறு நிரல் ஏற்றது.

4. புதிய நெடுவரிசையிலிருந்து படிக்கும் நிரல். எழுதுவது இரண்டிலும் தொடரும். ஏதேனும் கோளாறு என்றால் முந்தைய நிரலுக்குத் திரும்ப இதுவே வழிவிடும்.

5. பழைய நெடுவரிசைகளில் ‘நாட் நல்’ இருந்தால் அதை எடுத்துவிடும் மைக்ரேஷன், அதன் பின் பழையவற்றில் எழுதாத நிரல். இந்த வரிசை மாறினால் புதிய வாடிக்கையாளரைச் சேர்க்கும்போதெல்லாம் பிழை வரும்.

6. சில நாள் பொறுத்து, பழைய இரண்டையும் நீக்கும் மைக்ரேஷன்.

மூன்றாம் படியில்தான் கவனம் அதிகம் வேண்டும். போஸ்ட்கிரெஸில் இரட்டைக் கோட்டுக் குறியால் இணைக்கும்போது இரண்டில் ஒன்று ‘நல்’ என்றால் விடையும் ‘நல்’. ‘கான்கேட்_டபிள்யூஎஸ்’ செயற்கூறு அதைத் தவிர்க்கும். அதைவிடப் பெரிய சிக்கல், பதிவுகள் எப்படி ஏறியிருக்கின்றன என்பது. கவுண்ட்டரில் ஒருவர் குடும்பப்பெயர் கட்டத்தில் ‘எஸ்.’ என்று தலைப்பெழுத்தை இட்டிருப்பார், இன்னொருவர் முதற்பெயரிலேயே ‘எஸ். முருகன்’ என்று எழுதிவிட்டு மற்றதில் ஒரு புள்ளி வைத்திருப்பார், மூன்றாமவர் தந்தை பெயரை முழுதாக எழுதியிருப்பார். கண்ணை மூடிக்கொண்டு இணைத்தால் ‘முருகன் எஸ்.’, ‘எஸ். முருகன் .’ என்றெல்லாம் பில்லில் அச்சாகும். நிரப்பும் முன் குடும்பப்பெயர் கட்டத்தில் உள்ள மதிப்புகளை வகைப்படுத்தி எண்ணிப் பார்த்து, ஒவ்வொரு வகைக்கும் ஒரு விதி எழுத வேண்டும். விதிக்குள் அடங்காத சிலவற்றை ஆள் பார்த்துத் திருத்துவதே சரி.

டவுன் கோப்பு

டவுன் கோப்பு அமைப்பைத் திருப்பும், பதிவுகளைத் திருப்பாது. ஆறாம் படியில் நீக்கிய குடும்பப்பெயர் நெடுவரிசையை டவுன் கோப்பு மறுபடி உருவாக்கும், ஆனால் காலியாக. ஆகவே ப்ரொடக்‌ஷனில் பிழையைச் சரிசெய்ய அடுத்த எண்ணில் ஒரு புதிய அப் கோப்பு எழுதுவதே வழக்கமான வழி. டவுன் கோப்பின் பயன் பெரும்பாலும் டெவலப்பரின் கணினியில்தான். ஒரு கிளையிலிருந்து இன்னொன்றுக்கு மாறும்போதும், எழுதிய அப் கோப்பைத் திருத்தி மறுபடி ஓட்டும்போதும் அது உதவும்.

கட்டளை வரியில் ‘டவுன் 1’ என்றால் ஒரு படி பின்னால் போகும். எண் கொடுக்காமல் ‘டவுன்’ என்றால் எல்லாவற்றையும் திருப்பவா என்று கேட்கும். ஆம் என்றால் முதல் படிவரை போய்விடும். ‘டிராப்’ கட்டளை டேட்டாபேஸில் உள்ள அனைத்தையும் நீக்கும். இவ்விரண்டையும் ப்ரொடக்‌ஷன் முகவரியோடு சேர்த்து எந்த ஸ்கிரிப்டிலும் எழுதிவைக்கக் கூடாது.

பல பேர் சேர்ந்து வேலை செய்யும்போது

இரண்டு டெவலப்பர்கள் இரண்டு கிளைகளில் வேலை செய்து, இருவரும் 000012 என்ற எண்ணில் கோப்பு எழுதுகிறார்கள். கோப்புப் பெயர்கள் வேறு என்பதால் கிட் மறுப்பில்லாமல் இரண்டையும் சேர்த்துவிடும். ஆனால் ஓட்டும்போது ஒரே எண்ணில் இரண்டு கோப்புகள் என்று மைக்ரேட் பிழை காட்டி நின்றுவிடும். பின்னால் வந்தவர் தன் எண்ணை 13 ஆக்கினால் சரியாகிவிடும்.

நேர முத்திரை எண்ணில் இந்த மோதல் வராது. ஆனால் அதைவிட மோசமான ஒன்று வரும். திங்களன்று எழுதிய கோப்பு நிரல் மதிப்பாய்வில் தேங்கி வெள்ளியன்று சேர்கிறது. புதனன்று எழுதிய கோப்பு வியாழனே ப்ரொடக்‌ஷனில் ஓடிவிட்டது. பதிவேட்டில் இருப்பது ஒரே எண் என்பதால் அதற்கு முந்தைய எண்ணுள்ள திங்கள்கிழமைக் கோப்பு முடிந்ததாகவே கருதப்படும். அது ஓடாது, பிழையும் வராது. ரெயில்ஸ் 2008-இல் நேர முத்திரைக்கு மாறியபோது ஓடிய ஒவ்வொரு எண்ணையும் தனித்தனியாகக் குறித்துவைக்கும் பதிவேட்டையும் சேர்த்தே கொண்டுவந்தது. மைக்ரேட்டில் அந்தப் பதிவேடு இல்லை. எனவே இந்த லைப்ரரியோடு தொடர் எண்ணே ஏற்றது. உரக்கச் சொல்லும் பிழை, சத்தமில்லாத விடுபடலைவிட நல்லது.

சோதனை

ஒவ்வொரு முறை நிரல் சேரும்போதும் தானியங்கிச் சோதனையில் நான்கு வேலைகள் நடக்க வேண்டும்: காலி டேட்டாபேஸில் எல்லா அப் கோப்புகளும் ஓடுவது, கடைசியை ‘டவுன் 1’ மூலம் திருப்பி மறுபடி ‘அப்’ ஓட்டுவது, முதன்மைக் கிளையில் ஏற்கெனவே உள்ள மைக்ரேஷன் கோப்பு எதையும் யாரும் திருத்தவில்லை என்று பார்ப்பது, முந்தைய வெளியீட்டின் நிரலைப் புதிய ஸ்கீமாவின் மேல் ஓட்டி அதன் சோதனைகள் தேறுகின்றனவா என்று பார்ப்பது. விரித்துச் சுருக்கும் ஒழுங்கு மீறப்பட்டால் நான்காவது காட்டிக்கொடுக்கும். சோதனை டேட்டாபேஸும் ப்ரொடக்‌ஷனில் உள்ள அதே வகை, அதே பதிப்பாக இருக்க வேண்டும். எஸ்க்யூலைட்டில் தேறிய மைக்ரேஷன் போஸ்ட்கிரெஸைப் பற்றி எதையும் உறுதி செய்வதில்லை.

காலி அட்டவணையில் எல்லாமே வேகமாக ஓடும். பெரிய அட்டவணையைத் தொடும் மைக்ரேஷனை ப்ரொடக்‌ஷன் காப்பு நகல் ஒன்றில், பெயர்களையும் தொலைபேசி எண்களையும் மறைத்துவிட்டு, ஒருமுறை ஓட்டி நேரம் பார்க்க வேண்டும். காப்பு நகல் உண்மையிலேயே மீட்கத்தக்கதா என்பதும் இந்த வழியில் தெரிந்துவிடும். எத்தனை நிமிடம் ஆகும், எந்தப் பூட்டு விழும், தோற்றால் எந்த எண்ணுக்கு ஃபோர்ஸ் கொடுப்பது என்ற மூன்றுக்கும் பதில் எழுதிவைத்த பிறகு ப்ரொடக்‌ஷனில் ஓட்டலாம். ஓடி முடிந்ததும் ‘வெர்ஷன்’ கட்டளை, எதிர்பார்த்த எண்ணை டர்ட்டி இல்லாமல் காட்டினால் அந்த மைக்ரேஷன் முடிந்தது.